கணக்கில் வராத திமிங்கலங்கள்

1993-ம் வருஷம். டோக்கியோவில் ஒரு ஹோட்டல் அறை.

ஸ்காட் பேக்கர் என்கிற விஞ்ஞானி தன் பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு மெஷினை எடுத்து வைக்கிறார். பக்கத்தில் சின்னச் சின்னப் பொட்டலங்கள். எல்லாம் இறைச்சித் துண்டுகள். ஜப்பானியக் கடைகளில் காசு கொடுத்து வாங்கப்பட்ட திமிங்கலக் கறி.

சமைத்துச் சாப்பிட அல்ல. ஜாதகம் பார்க்க.

அந்த மெஷினை நமக்கெல்லாம் பெயரளவிலாவது தெரியும். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, பி.சி.ஆர். டெஸ்ட், அந்த பி.சி.ஆர்.தான். துளியூண்டு டி.என்.ஏ.வைக் கொடுத்தால் போதும், கோடிக்கணக்கில் பிரதி எடுத்துத் தள்ளிவிடும். ஜெராக்ஸ் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அதை எதற்கு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து செய்யவேண்டும்? கறியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் லேபில் பார்த்தால் ஆகாதா?

ஆகாது. அழிந்துகொண்டிருக்கும் உயிரினங்களின் ஒரு துண்டைக்கூட பர்மிட் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. சைட்டீஸ் என்று ஒரு சர்வதேச ஒப்பந்தம். திமிங்கலத்தைக் காப்பாற்றப் போட்ட சட்டமே, திமிங்கலத்தைக் கொன்றவனைக் கண்டுபிடிக்கக் குறுக்கே நின்றது. பேக்கர் ஒரு வழி கண்டுபிடித்தார். அறையிலேயே டி.என்.ஏ.வைப் பிரதி எடு. ஒரிஜினலை அங்கேயே விடு. பிரதி என்பது மெஷினில் செய்த சரக்கு, திமிங்கலத்தின் உடம்பு அல்ல. எனவே தடை இல்லை. ஜெராக்ஸோடு விமானம் ஏறிவிட்டார்.

அவரும் அவருடைய கூட்டாளி ஸ்டீபன் பலும்பியும் சேர்ந்து 1994-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். உலகம் கொஞ்சம் ஆடித்தான் போனது.

ஏன் என்று புரிய, நாலு வரி சரித்திரம் தேவை. சர்வதேச திமிங்கல கமிஷன் 1982-ல் ஒரு தீர்மானம் போட்டது. வியாபாரத்துக்காகத் திமிங்கலம் பிடிப்பது 1986-லிருந்து நிறுத்தம். ஆனால் 'விஞ்ஞான ஆராய்ச்சிக்காக' என்றால் பிடிக்கலாம். இது ஓட்டையல்ல, வாசல். ஜப்பான் 1987-லிருந்து அந்த வாசல் வழியாகத்தான் அண்டார்டிகாவுக்குப் போய்வந்தது. பிடித்தது மின்கி என்கிற வகையை. ஆராய்ச்சி முடிந்ததும் கறி கடைக்கு வரும். ஆக, கடையில் இருக்கவேண்டியது மின்கி.

இருந்தது என்னென்ன தெரியுமா? மின்கி இருந்தது. கூடவே ஃபின் திமிங்கலம் இருந்தது. 1966-லேயே முழுப் பாதுகாப்பு பெற்றுவிட்ட ஹம்ப்பேக், அதாவது கூன்முதுகுத் திமிங்கலம் இருந்தது. திமிங்கலக் கறி என்ற பெயரில் டால்பின்கூட இருந்தது!

சில துண்டுகள் எப்போதோ ஐஸில் போட்ட பழைய ஸ்டாக்காக இருந்திருக்கலாம். இருக்கட்டும். கடையில் இருப்பது எது, எங்கிருந்து வந்தது என்று சொல்ல அதுவரை எந்த ஏற்பாடும் இல்லை என்பதுதான் அன்றைக்கு அம்பலமானது.

பேக்கர் அத்தோடு விடவில்லை. தென்கொரியாவுக்குப் போனார். அங்கே திமிங்கல வேட்டை கிடையாது. மீன் வலையில் 'தவறிப்போய்' மாட்டிக்கொள்வதை மட்டும் விற்கலாம். 1999 முதல் 2003 வரை அப்படி மாட்டியதாக அரசாங்கக் கணக்கு சொன்ன மின்கி திமிங்கலங்கள் 458. சந்தைக் கறியின் டி.என்.ஏ.வை வைத்து, இத்தனை தனித்தனி உடம்புகள் கடைக்கு வந்திருக்கவேண்டும் என்று பேக்கர் குழு போட்ட கணக்கு 827. கிட்டத்தட்ட இரு மடங்கு.

நான் படித்தது பி.காம். உயிரியலுக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் இது எனக்கு நன்றாகவே புரிகிறது. புத்தகத்தில் ஒரு இருப்பு, குடோனில் வேறு இருப்பு. இதற்குப் பெயர் தணிக்கை. டி.என்.ஏ. இங்கே ஆடிட்டர் வேலை பார்த்திருக்கிறது.

ஆடிட்டர் எவ்வளவு அவசியம் என்பதற்கு சோவியத் யூனியன் கதை ஒன்று போதும். தெற்குக் கடல்களில் தாங்கள் பிடித்த ஹம்ப்பேக் மொத்தம் 2,710 என்று அவர்கள் கமிஷனுக்குக் கணக்கு கொடுத்திருந்தார்கள். சோவியத் உடைந்தபிறகு, 1993-ல் அலெக்ஸி யாப்லோகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி உண்மையைப் போட்டு உடைத்தார். நிஜமாகவே கொன்றது 48 ஆயிரத்துக்கும் மேல்! மாஸ்கோ ஒரு டார்கெட் நிர்ணயிக்கும். கப்பல்காரன் அதை முடித்தாகவேண்டும். பாதிக் கறி அழுகி வீணானாலும் டார்கெட் டார்கெட்தான். அழிக்கச் சொல்லி உத்தரவு வந்த ஒரிஜினல் ரிப்போர்ட்டுகளை ஒரு விஞ்ஞானி வீட்டு நிலவறையில் உருளைக்கிழங்கோடு ஒளித்து வைத்திருந்தார். அதனால்தான் இன்றைக்கு நமக்கு விவரம் தெரிகிறது.

இருபதாம் நூற்றாண்டில் மட்டும் கொல்லப்பட்ட பெரிய திமிங்கலங்கள் சுமார் 29 லட்சம் என்கிறார்கள். அப்படியானால் வேட்டை தொடங்குமுன் கடலில் எத்தனை இருந்தன?

இதுதான் கேள்வி. வணிகவியலில் முதல் பாடம், ஆரம்ப இருப்பு. அது தெரியாமல் லாபமும் போட முடியாது, நஷ்டமும் போட முடியாது.

பழைய கப்பல்களின் பதிவேடுகளைக் கூட்டிக் கழித்து, வட அட்லாண்டிக்கில் ஒரு காலத்தில் சுமார் 20 ஆயிரம் ஹம்ப்பேக்குகள் இருந்தன என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதிவேடு எழுதியவர்கள் யார்? வேட்டைக்காரர்கள். ஈட்டி பட்டு மூழ்கிப்போனது கணக்கில் வருமா? எல்லா நோட்டுப் புத்தகமும் பிழைத்திருக்குமா?

2003-ல் பலும்பியும் அவருடைய மாணவர் ஜோ ரோமனும் நோட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, திமிங்கலத்தையே கேட்டார்கள். விஷயம் சுலபம்தான். சின்ன கிராமத்தில் யாரைக் கேட்டாலும் சுற்றி வளைத்து மாமன், மச்சான், பங்காளி என்று முடியும். பட்டணத்தில் அப்படி முடியாது. ஜனம் பெருத்தால் வம்சங்களும் பெருகும். உயிர்களிலும் இப்படித்தான். டி.என்.ஏ.வில் எவ்வளவு வித்தியாசம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால், அந்த வம்சம் நீண்டகாலமாக எவ்வளவு பெரிய கூட்டமாக வாழ்ந்தது என்று சொல்லலாம். திமிங்கலத்துக்கு ஆயுசு கெட்டி. நூறு வருஷ வேட்டை என்பது அதற்குச் சில தலைமுறைதான். பழைய ஞாபகம் ரத்தத்தில் இன்னும் அழியவில்லை.

வந்த விடை? 20 ஆயிரம் அல்ல. 2 லட்சத்து 40 ஆயிரம்.

சண்டை பிடித்துக்கொண்டது. மரபணு சொல்வது பல ஆயிரம் வருஷ சராசரியை, வேட்டைக்கு முந்தின நாள் நிலவரத்தை அல்ல என்றார்கள். வேறு கடலிலிருந்து வந்து கலந்த திமிங்கலங்களையும் சேர்த்து எண்ணிவிட்டீர்கள் என்றார்கள். நியாயமான கேள்விகள். பலும்பி குழுவும் சும்மா இருக்கவில்லை. டி.என்.ஏ.வின் கூடுதல் பகுதிகளை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டார்கள். 2013-ல் வந்த புது எண், 1 லட்சத்து 12 ஆயிரம். தன் கணக்கைத் தானே பாதிக்கும் கீழே குறைத்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமில்லை. அப்படிக் குறைத்த பிறகும் அது பழைய பதிவேட்டுக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. பல மடங்கு மேலேயே நின்றது.

எத்தனை இருந்தால் என்ன, என்று கேட்கலாம். இருக்கிறது, விஷயம் இருக்கிறது. கமிஷனிடம் ஒரு சூத்திரம் உண்டு. ஒருநாள் தடை விலகினாலும், ஆதி எண்ணிக்கையில் 54 சதவீதத்தைத் தொட்ட பிறகுதான் வேட்டைக்குக் கோட்டா. 2003 வாக்கில் வட அட்லாண்டிக்கில் இருந்த ஹம்ப்பேக் சுமார் 10 ஆயிரம். ஆதி எண் 20 ஆயிரம் என்றால் பாதி வந்தாச்சு, ஈட்டியைத் தீட்டலாம். 1 லட்சத்து 12 ஆயிரம் என்றால்? ஒன்பது சதவீதம். பல தலைமுறைக்குக் கையை வைக்கக் கூடாது. ஒரே திமிங்கலம்தான். எந்தப் பேரேட்டை நம்புகிறோம் என்பதில் இருக்கிறது அதன் ஆயுசு.

இன்னொரு வாதமும் ஓடியது. திமிங்கலம் மீனையெல்லாம் தின்று தீர்க்கிறது, குறைந்தால் மீனவனுக்கு லாபம் என்று. அதே ஜோ ரோமன், ஜேம்ஸ் மெக்கார்த்தியோடு சேர்ந்து 2010-ல் பதில் சொன்னார். திமிங்கலம் ஆழத்தில் தின்றுவிட்டு, மேலே வந்து கழிக்கிறது. அது கடலுக்கு உரம். அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் திமிங்கலமும் சீலும் சேர்ந்து வருஷத்துக்கு 23 ஆயிரம் டன் நைட்ரஜனை மேற்பரப்புக்குக் கொண்டுவருகின்றன. அங்கே வந்து கலக்கும் ஆறுகள் எல்லாம் சேர்ந்து கொடுப்பதைவிட அதிகம். அந்த உரத்தில் நுண்பாசி வளரும். அதைத் தின்று சின்ன உயிர் வளரும். அதைத் தின்று மீன். இத்தனை நாள் செலவுப் பக்கம் எழுதிவைத்திருந்த ஆசாமி, உண்மையில் வரவுப் பக்கம்!

ஜப்பான் 2019-ல் கமிஷனை விட்டு வெளியேறியது. 'ஆராய்ச்சி' என்ற பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டுத் தன் கடலிலேயே பகிரங்கமாக வியாபார வேட்டையைத் தொடங்கியது. 2024-ல் பட்டியலில் ஃபின் திமிங்கலத்தையும் சேர்த்துக்கொண்டது. எண்ணிக்கை போதுமான அளவுக்கு இருக்கிறதாம்.

போதுமா, போதாதா என்று யார் சொல்வது? கப்பலின் நோட்டுப் புத்தகம் ஏற்கெனவே 48 ஆயிரத்தை 2,710 என்று எழுதிக் காட்டியிருக்கிறது. அந்த வித்தையை டி.என்.ஏ. இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.