பூப் பின்னுவோரும் இணைப்போரும்

புத்தலப்பட்டில் எங்கள் அத்தை, எஞ்சிய கம்பளி நூல்களைக் கொண்டு கொக்கி ஊசியால் பலவண்ண அறுகோணப் பூக்களைப் பின்னி வருகிறார், போர்வைக்காக. கேட்டால் "சும்மா, பொழுதுபோக்குக்குத்தான்" என்பார். அச்சொல்லுக்கு நம் மாநிலத்தில் நெடிய வரலாறு உண்டு.

19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மறைப்பணியாளர் வழியே கோதாவரிக் கழிமுகத்து நரசாபுரத்தில் குரோஷே லேஸ் பின்னல் வேரூன்றியது. அப்பெண்களின் உழைப்பை ஆராய்ந்த செருமானியச் சமூகவியலாளர் மரியா மீஸின் நூல் 1982இல் வெளிவந்தது. பூக்களைப் பின்னுவது 'சேதிபனி'. அவற்றை ஒட்டி இணைப்பது 'அதுகுபனி'. இரண்டும் வெவ்வேறு கைகளில். தன் பூ எந்த விரிப்பில் சேர்ந்தது என்பதைப் பின்னியவள் அறியாள்.

மொழியியல் படித்த குற்றத்திற்காக ஓர் இடைக்குறிப்பு: தெலுங்குப் 'பனி'யும் தமிழ்ப் 'பணி'யும் ஒரே வேரின. ஆயினும் வணிகர் பார்வையில் அது பணியன்று. இல்லத்தரசியரின் ஓய்வுநேரக் கைவேலை. கூலி, சட்டப்படியான குறைந்தபட்ச அளவுக்கு மிகக் கீழே கிடந்ததை மீஸ் இதனோடுதான் இணைக்கிறார். எனக்கும் அது ஏற்புடையதே. அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியான பொருளைச் செய்தோரைத் தொழிலாளர் கணக்கில் சேர்க்காதிருக்க அப்பெயரே உதவியது.

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வையால் கின்னஸ் சாதனை படைத்தனர். அங்கும் தனித்தனியே பின்னிய துண்டுகள்தாம். ஆனால் பின்னியோர் பலர் தாமே கூடி இணைத்தனர்.

அத்தையிடம் இதுவரை 84 பூக்கள் சேர்ந்துள்ளன. இணைக்கப் போவதும் அவரே.