நீலகிரியில் எடுத்த ரத்தமும் லண்டன் மாநாடும்

2023 மார்ச் 6 முதல் 8 வரை லண்டனில், ஃபிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனத்தில், மனித மரபணுத் திருத்தம் பற்றிய மூன்றாவது சர்வதேச மாநாடு நடந்தது. மேடையேறியவர்களில் பெரும்பாலானவர்கள் விஞ்ஞானிகள். ஒருவர் வேறு மாதிரி. அவர் பெயர் விக்டோரியா கிரே. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பினப் பெண், பிள்ளைகளுக்குத் தாய். பிறந்ததிலிருந்தே அரிவாள் செல் சோகை என்ற ரத்த நோயோடு போராடியவர். 2019இல் அவருடைய எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) எடுத்து, கிறிஸ்பர் முறையில் மரபணுவைத் திருத்தி, திரும்ப அவர் உடம்பிலேயே ஏற்றினார்கள். அமெரிக்காவில் இந்த நோய்க்கு இப்படிச் சிகிச்சை பெற்ற முதல் ஆள் அவர்தான். வலி இல்லாமல் வாழ்வது எப்படி இருக்கிறது என்று அந்த மேடையில் பேசினார்.

வழக்கமாக நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம்னா சாத்தனூர் கல்மரம், கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள்னுதான் பேச்சு போகும். கோடி ஆண்டுக் கணக்கு. இந்தக் கட்டுரையின் கணக்கு எழுபது ஆண்டுதான். ஆனால் இதுவும் உடம்புக்குள் எழுதி வைத்த பழைய வரலாறு பற்றியதுதான்.

விக்டோரியா கிரேயின் நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானது எங்கே தெரியுமா? நீலகிரியில். 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து, இருளர் உள்ளிட்டோரிடம் அரிவாள் செல் தன்மை இருப்பதை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இது இருப்பதாக வேறு இருவர் எழுதினார்கள். அதுவரை இதை ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றுதான் பெரும்பாலும் நினைத்திருந்தார்கள்.

கவனிக்க வேண்டியது அவர்கள் எந்தக் கேள்வியோடு வந்தார்கள் என்பதை. இந்த மக்களுக்கு என்ன நோய், எப்படிக் குணப்படுத்தலாம் என்று கேட்டு வரவில்லை. இவர்களுக்கும் ஆப்பிரிக்க மக்களுக்கும் பழைய உறவு உண்டா என்ற மானிடவியல் கேள்விதான் முன்னால் நின்றது. அந்தக் காலத்து ஆய்வு அப்படித்தான் இருந்தது. லேமன் பிற்பாடு ஹீமோகுளோபின் ஆய்வில் உலகப் பெயர் பெற்றவர். அவரைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனாலும் மலையில் எடுத்த ரத்தம் ஆய்வுக் கட்டுரையாகப் போச்சு. மருந்தாகத் திரும்பி வரலை.

நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹீமோகுளோபினில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும். ஆக்சிஜன் குறையும்போது வட்டமான சிவப்பணு அரிவாள் போல வளைந்து விறைத்து, சின்ன ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். தாங்க முடியாத வலி. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்த மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் இல்லை, அதோடு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கும். மலேரியா ஆண்ட காடுகளில் இது தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்கு அதுதான் காரணம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் கருநிலை ஹீமோகுளோபின் நிறைய இருக்கும். சில மாதங்களில் அது குறைந்துவிடும். இந்தியப் பழங்குடி மக்களில் அரிவாள் செல் நோய் உள்ள பலருக்கு, அவர்களின் மரபணு அமைப்பு காரணமாக, வளர்ந்த பிறகும் அது கூடுதலாகவே இருக்கிறது. அதனால் ஆப்பிரிக்க வகையோடு ஒப்பிட்டால் பலருக்கு நோயின் கடுமை கொஞ்சம் தணிந்திருக்கும் (எல்லோருக்கும் இல்லை, மத்திய இந்தியாவில் கடுமையாகவே அவதிப்படுபவர்கள் உண்டு). விக்டோரியா கிரேக்குச் செய்ததும் இதேதான்! கருநிலை ஹீமோகுளோபினை அணைத்து வைக்கும் சுவிட்சைக் கிறிஸ்பரால் கெடுத்தார்கள். நம்ம மக்கள் சிலருக்கு இயற்கை பாதி தூரம் செய்து கொடுத்த வேலையை ஆய்வகத்தில் முழுசாகச் செய்தார்கள் என்று சொல்லலாம்.

சரி, மாநாடுகளுக்கு வருவோம். இந்தத் துறையின் வரலாற்றை மாநாடுகளை வைத்தே எழுதிவிடலாம். 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலோமார் கடற்கரையில் பால் பெர்க் முதலானோர் கூட்டிய கூட்டம்தான் தாய். மரபணுவை வெட்டி ஒட்டும் வித்தை அப்போதுதான் கைவந்திருந்தது. தாங்கள் கண்டுபிடித்ததைப் பார்த்துத் தாங்களே பயந்து, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று விதி வகுக்க உட்கார்ந்தார்கள். நோயாளி யாரும் அங்கே இல்லை. சிகிச்சை என்ற பேச்சே அப்போது கனவுதான்.

1990 செப்டம்பர் 14இல் அமெரிக்காவில் ஆஷாந்தி டிசில்வா என்ற நான்கு வயதுச் சிறுமிக்கு முதல் அங்கீகரிக்கப்பட்ட மரபணு சிகிச்சை நடந்தது. 1999இல் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் ஒரு பரிசோதனையில் இறந்தார். அதன் பிறகு சில ஆண்டுகள் துறையே முடங்கிப் போனது. இன்னொரு மாற்றமும் நடந்தது, வெளியே அதிகம் பேசப்படாத மாற்றம். அமெரிக்க மரபணு சிகிச்சைச் சங்கம் 2009இல் தன் பெயரில் ‘செல்’ என்பதையும் சேர்த்துக்கொண்டது. வெறும் பெயர் மாற்றம் இல்லை அது. உடம்புக்குள் நேராக மரபணுவைச் செலுத்துவதைவிட, செல்லை வெளியே எடுத்து, திருத்தி, திரும்ப ஏற்றும் வழி வலுப்பெற்றுவிட்டது என்பதன் அடையாளம்.

2018 நவம்பரில் ஹாங்காங்கில் இரண்டாவது மரபணுத் திருத்த மாநாடு. அங்கேதான் ஹெ ஜியான்குய், கருவிலேயே மரபணு திருத்தி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்க வைத்ததை விளக்கினார். உலகமே கொதித்தது, சீனாவில் அவருக்கு 3 ஆண்டு சிறை. எல்லாப் பத்திரிகையும் அதை எழுதித் தீர்த்துவிட்டன. நான் தாண்டிப் போகிறேன். லண்டன் மாநாடு எனக்கு முக்கியமாகப் படுவது வேறு காரணத்தால். அங்கே முடிவறிக்கையில், இந்தச் சிகிச்சைகளின் விலை இப்படியே நீடிக்க முடியாது என்று எழுத வேண்டி வந்தது. அசிலோமாரில் ஆபத்து பற்றிக் கவலைப்பட்டார்கள். 48 ஆண்டு கழித்துத்தான் காசு பற்றிய கவலை அறிக்கையில் ஏறியது. அந்த ஆண்டே டிசம்பரில் அமெரிக்கா இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. விலை 22 லட்சம் டாலர். நம்ம கணக்கில் சுமார் 18 கோடி ரூபாய். கூடலூர்க் காட்டோரத்துக் குடும்பம் ஒன்றிடம் இந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்களா அழுவார்களா, தெரியாது.

இந்த இடத்தில்தான் வேலூர் வருகிறது. பெரம்பலூரைத் தொட்டுப் போகும் தேசிய நெடுஞ்சாலை 38 கிளம்புவதே வேலூரிலிருந்துதான். வேலூர் சிஎம்சி 1980களிலேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கிய இடம். வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்து, தாலசீமியாக் குழந்தைகளுக்குச் செய்து செய்து கை பழகிய இடம். குருத்தணுவை எடுத்துத் திரும்ப ஏற்றுவதில் பாதி வேலை இந்தக் கைப்பழக்கம்தான். அது இல்லாமல் மரபணுத் திருத்தம் மட்டும் தெரிந்து பயனில்லை.

அங்குள்ள குருத்தணு ஆய்வு மையத்தில் மருத்துவர் அலோக் ஸ்ரீவாஸ்தவா குழு எடுத்துக்கொண்டது ஹீமோஃபீலியா ஏ. ரத்தம் உறைய வேண்டிய ஃபேக்டர் 8 புரதம் இல்லாத நோய். சின்ன அடி பட்டாலும், சமயத்தில் அடியே படாமலும், மூட்டுக்குள் ரத்தம் கசியும். முழங்கால் மடங்கிப் போகும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் ஊசி இலவசமாகக் கிடைக்கிறது, அது பெரிய விஷயம். ஆனால் ஏற்றிய புரதத்தில் பாதி சுமார் 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கசிவைத் தடுக்க வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஆயுள் முழுக்க ஊசி. செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ இருப்பவருக்கு அதுவே ஒரு வேலை மாதிரி.

வெளிநாட்டில் 2023இல் அனுமதி பெற்ற ஹீமோஃபீலியா ஏ மரபணு மருந்தின் விலை 29 லட்சம் டாலர். அது கல்லீரலுக்கு வைரஸ் வழியாக மரபணுவை அனுப்பும் முறை. அதன் பலன் ஆண்டுகள் போகப் போகக் குறைகிறது. வேலூர்க் குழு, அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, வேறு வழியில் போனது. எச்ஐவி குடும்பத்து வைரஸிலிருந்து நோய் உண்டாக்கும் பகுதிகளை நீக்கி வண்டியாக்கிக்கொண்டார்கள். மனித, பன்றி ஃபேக்டர் 8 இரண்டையும் கலந்து வடிவமைத்த மரபணு அதில் சரக்கு. நோயாளியின் குருத்தணுவுக்குள் அது பதிந்துவிட்டால், பிறக்கும் செல்களுக்கெல்லாம் போகும்.

2024 டிசம்பரில் முடிவு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. 22 முதல் 41 வயது வரை ஐந்து பேர். ஐவரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதங்கள். அந்தக் காலத்தில் ஒருவருக்கும் ரத்தக் கசிவு இல்லை. முதல் இருவருக்கு ஃபேக்டர் அளவு குறைவாகத்தான் ஏறியது. மரபணு நன்றாக ஏற ஒரு துணைப்பொருளைச் சேர்த்த பிறகு மற்ற மூவருக்கு நன்றாக ஏறியது. ஐந்து பேர் என்பது சின்ன எண். அதோடு, திருத்திய செல்லுக்கு இடம் பண்ண முதலில் கீமோதெரபி கொடுத்துப் பழைய மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும். ரத்த அணுக்கள் விழும், தொற்று பயம் உண்டு. ஊசி போட்டுக்கொண்டே ஓரளவு நன்றாக இருப்பவர் இதற்குத் துணிய வேண்டுமா என்பது லேசான கேள்வி இல்லை.

அரிவாள் செல் பக்கம், 2023 ஜூலை 1 அன்று மத்திய அரசு தேசிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 7 கோடி பேரைச் சோதிப்பது இலக்கு. தமிழ்நாடும் அதில் உண்டு. 2025 நவம்பரில் டெல்லியின் ஐஜிஐபி ஆய்வகம் உருவாக்கிய உள்நாட்டுக் கிறிஸ்பர் சிகிச்சையை அறிவித்தார்கள். பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவை நினைத்து பிர்சா 101 என்று பெயர். நீலகிரியில் மறுபடியும் விரலில் ஊசி குத்துகிறார்கள். இந்த முறை கேட்பது, உங்கள் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்றல்ல. உங்களுக்கு நோய் இருக்கிறதா என்று.