மானிப்பாய் மண்ணின் வழக்கறிஞர்

1879இல் சேர் முத்துக் குமாரசுவாமி காலமானபோது, சட்டநிரூபண சபையில் தமிழர் ஆசனம் வெறுமையானது. அதில் அமர்த்தப்பட்டவர் அவருடைய மருமகன், முப்பது வயதைக்கூடத் தொடாத இளம் வழக்கறிஞர் பொன்னம்பலம் இராமநாதன். பிறந்தது கொழும்பில், 1851இல். தந்தைவழி வேர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில்.

தமிழர் பிரதிநிதியாக நுழைந்தவர் தமிழருக்காக மட்டும் பேசவில்லை. 1885இல் வெசாக் தினம் பொது விடுமுறையாவதற்கு, பௌத்தரல்லாத அவரும் சபையில் உழைத்தார். 1892இல் சொலிசிற்றர் ஜெனரல் பதவி வந்தது.

ஓய்வுபெற்ற பின்புதான் அவருடைய உச்சம். 1911இல் படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட ஒரே ஆசனத்துக்கு நடந்த தேர்தலில், சிங்கள மருத்துவர் மார்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்தார். அவருக்குச் சிங்களவரும் வாக்களித்திருந்தனர்.

1915ஆம் ஆண்டுச் சிங்கள-முஸ்லிம் கலவரத்தை அடக்க அரசு இராணுவச் சட்டம் கொண்டுவந்தது. சிங்களத் தலைவர்கள் சிறையில் அடைபட்டார்கள். விசாரணையின்றியே சிலர் சுடப்பட்டார்கள். இராமநாதன் சபையில் ஆளுநரின் நிர்வாகத்தை நேருக்கு நேர் குற்றம் சாட்டினார். பிறகு, ஜெர்மன் நீர்மூழ்கிகள் திரிந்த போர்க்காலக் கடலைத் தாண்டி லண்டன் சென்று முறையிட்டார். திரும்பியபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே அவருடைய வண்டியை இழுத்தார்கள். இலங்கை அரசியலில் அப்படியொரு காட்சி அதன்பின் வாய்க்கவில்லை.

ஆனால் எல்லோருக்கும் வாக்குரிமை என்ற டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரையை அவர் எதிர்த்தார். அந்த இடத்தில் அவரை ஏற்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் அவர் விட்டுச்சென்றவை பள்ளிகள்: 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கான இராமநாதன் கல்லூரி, 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி. 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது அந்தப் பரமேஸ்வரா வளவில்தான்.