இராமநாதபுரம்: கடலால் வாழ்ந்த சேதுச்சீமை

தமிழகத்தின் கரையோர மாவட்டங்களுள் இலங்கைக்கு மிக அண்மையில் அமைந்திருப்பது இராமநாதபுரம். அதன் கிழக்கு முனையான தனுஷ்கோடிக்கும் நமது தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலே உண்டு. 'தண்ணியில்லாக் காடு' என்று தமிழகத்து அரச ஊழியர்கள் அஞ்சும் வரண்ட பூமி அது. நிலம் வழங்க மறுத்ததை அம்மண்ணுக்குக் கடல் வழங்கியது. வணிகமும் யாத்திரையும் புகழும் கடல்வழியே வந்தன. துயரமும் அவ்வழியே வந்தது.

சேதுவின் காவலர் என்ற பொருளிலேயே இச்சீமையின் மன்னர்கள் சேதுபதிகள் எனப்பட்டனர். அவர்களுள் புகழ்பெற்ற கிழவன் சேதுபதி, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றினார். இராமேஸ்வரம் ஆலயத்தின் பெயர்பெற்ற மூன்றாம் பிரகாரம் 18ஆம் நூற்றாண்டில் சேதுபதிகளால் நிறைவுசெய்யப்பட்டது. 1795இல் ஆங்கிலேயர் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவி நீக்கிச் சிறைப்படுத்தினர். அதன்பின் அரசு ஜமீனாகச் சுருங்கியது.

சேது என்ற சொல் இக்கரைக்கும் புதியதன்று. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தம் நாணயங்களில் அச்சொல்லையே பொறித்தனர். ஆறுமுக நாவலர் பதிப்பித்த திருக்குறள் பரிமேலழகருரை, இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவினால் அச்சேறியது. அவருடைய மைந்தர் பாண்டித்துரைத் தேவரே 1901இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவியவர். சுவாமி விவேகானந்தரின் அமெரிக்கப் பயணத்துக்கு ஊக்கமளித்தவர் பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து கடல்வழியே வந்த சுவாமிகளைப் பாம்பனில் எதிர்கொண்டு வரவேற்றவரும் அவரே.

மாவட்டத்தைச் சுற்றிப் பார்ப்போருக்குக் காணத்தக்கவை பல. உத்தரகோசமங்கையில் மரகத நடராசர், தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள், ஏர்வாடியில் தர்கா, அருளானந்தர் எனப்படும் ஜோன் டி பிரிட்டோ 1693இல் உயிர்நீத்த ஓரியூரில் தேவாலயம். வள்ளல் சீதக்காதியின் ஊரான கீழக்கரையின் பழைய பள்ளிவாசல், கோயில் மண்டபத்தை ஒத்த கற்றூண்களோடு திராவிடக் கட்டடக்கலையில் எழுப்பப்பட்டது. அரபுநாடுகளுடன் உறவாடிய வணிகர்கள் தம் மண்ணின் சிற்பிகளைக் கைவிடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

1914இல் பாம்பன் புகையிரதப் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பற்சேவையும் அவ்வாண்டே தொடங்கியது. கொழும்பில் புகையிரதம் ஏறிய ஒருவர், இடையே சிறிது நேரம் கப்பலில் கடந்து, சென்னையில் இறங்கலாம். அப்பயணத்தையே நம் முன்னோர் 'போட் மெயில்' என்றனர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு புகையிரதத்தையும் கடல் விழுங்கியது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போர்ச்சூழலில் நின்றுபோயிற்று.

இவ்வரலாற்றைச் சுருக்கிச் சொல்ல மண்டபம் ஒன்றே போதும். இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்துவைத்து மருத்துவச் சோதனை செய்து அனுப்புவதற்கு அங்கு ஒரு முகாம் இருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின், அத்தொழிலாளரின் பிள்ளைகளும் பேரர்களும் திரும்பியபோது அவர்களை ஏற்றதும் மண்டபமே. 1983இன் பின் வடகிழக்கிலிருந்து உயிர்தப்பிப் படகேறிய அகதிகளுக்கும் அதுவே முதல் நிழலாயிற்று.

ஒருகாலத்தில் இராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டதாயிருந்த கச்சதீவு, 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கைக்கு உரியதாயிற்று. இழுவைப்படகுகளால் வலையும் வாழ்வும் இழப்பதாக வடபகுதி மீனவர் முறையிடுகின்றனர். எல்லை தாண்டிக் கைதாவோரின் குடும்பங்கள் இராமேஸ்வரத்தில் கலங்குகின்றன. இரு தரப்பாரும் பேசுவது ஒரே மொழி.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, இராமேஸ்வரத்துக்கு மீண்டும் புகையிரதம் ஓடத் தொடங்கியது. அது நின்ற இடத்திலிருந்துதான் நம் முன்னோர் கப்பலேறினார்கள் என்பதை இரு கரையினரும் மறக்கலாகாது. ஒருவரையொருவர் கண்டு பழகிய வழி அடைபட்டபின்தான் கடல் நமக்கு எல்லையாயிற்று.