ஊருக்குள் ஒலித்த தட்டு: ‘ட்வின் பீக்ஸ்’ இசைத்தொகுப்பும் ரசிகர்களும் (1990–2017)

1990 செப்டம்பரில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதில் 11 உருப்படிகள். மொத்தம் 50 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் அதே ஆண்டு ஏப்ரல் 8 அன்று தொடங்கிய ‘ட்வின் பீக்ஸ்’ தொடரின் இசை அது. முதல் பருவம் மே மாதமே முடிந்திருந்தது. ட்வின் பீக்ஸ் என்ற கற்பனை ஊரில் லாரா பால்மர் என்ற பள்ளி மாணவியைக் கொன்றது யார் என்பது மட்டும் தெரியவில்லை. இரண்டாம் பருவத்துக்காகக் காத்திருந்த அந்த நாட்களில், தொடரிலிருந்து ரசிகர் கையில் பிடித்துக்கொள்ளக் கிடைத்தவற்றுள் இந்தத் தொகுப்பும் ஒன்று.

தொடரின் இசைத்தட்டை நினைவுப்பொருள் என்று சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். ‘ட்வின் பீக்ஸ்’ விஷயத்தில் அந்த விளக்கம் போதாது. இதன் ரசிகர்கள் வாங்கியது கதைமாந்தர்களே காதால் கேட்ட இசையை. அதனால்தான் தொகுப்பில் இடம்பெறாத ஒவ்வொரு துண்டும் அவர்களை இருபது ஆண்டுகளாக உறுத்தியது என்பது என் கருத்து.

தொலைக்காட்சி இசை தட்டாக விற்பது அதற்கு முன்பே வேரூன்றிய வழக்கம்தான். 1958இல் என்பிசியில் தொடங்கிய துப்பறியும் தொடர் ‘பீட்டர் கன்’. ஹென்றி மான்சினி அதற்கு அமைத்த ஜாஸ் இசை தட்டாக வந்து, 1959இல் நடந்த முதல் கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான விருதைப் பெற்றது. தட்டுக்காக அந்த இசை புதிதாக வாசித்துப் பதிவுசெய்யப்பட்டது. தனியாகக் கேட்டு ரசிக்கும் ஜாஸாகவே அது விற்றது. 1985இல் வந்த ‘மியாமி வைஸ்’ தொகுப்பு 11 வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதில் யான் ஹாமரின் இசையோடு ஃபில் காலின்ஸ், டினா டர்னர் போன்றோரின் பாடல்களும் சேர்ந்திருந்தன. காலின்ஸின் பாட்டு 1981லேயே வெளிவந்து புகழ்பெற்றது. இவ்விரண்டு தட்டுகளும் தொடரைப் பார்க்காதவர் வீட்டிலும் ஓடக்கூடியவை.

‘ட்வின் பீக்ஸ்’ இசையின் பிறப்பு வேறு மாதிரி. தொடரை உருவாக்கியவர்களுள் ஒருவரான இயக்குநர் டேவிட் லின்ச்சின் ‘ப்ளூ வெல்வெட்’ (1986) படத்தில், நடிகை இசபெல்லா ரோசலினிக்குப் பாடச் சொல்லித்தர அழைக்கப்பட்டவர் ஆஞ்சலோ பாதலமென்டி. அந்தப் படத்தில் லின்ச் பயன்படுத்த விரும்பிய ஒரு பாட்டு கிடைக்காமல் போனது. லின்ச் தானே வரிகள் எழுத, பாதலமென்டி மெட்டமைத்தார். பாட வந்தவர் ஜூலி க்ரூஸ். இந்த மூவர் கூட்டணி 1989இல் க்ரூஸின் தனித் தொகுப்பாக விரிந்தது. அதிலிருந்த ‘ஃபாலிங்’ பாட்டின் மெட்டுதான், குரல் நீக்கப்பட்டு, ‘ட்வின் பீக்ஸ்’ முகப்பிசையானது.

லாராவின் இசை பிறந்த விதத்தைப் பாதலமென்டியே கேமரா முன் வாசித்துக் காட்டியிருக்கிறார். அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த லின்ச், இருண்ட காடு, நிலவு, மெல்லிய காற்று என்று சொல்லிக்கொண்டே போகிறார். பாதலமென்டியின் விரல்கள் கீழ் ஸ்தாயியில் மெதுவாக நகர்கின்றன. மரங்களுக்குப் பின்னாலிருந்து தனிமையில் தவிக்கும் ஒரு பெண் வருகிறாள் என்றதும் மெட்டு மேலேறுகிறது, உச்சத்தில் நெஞ்சடைக்கிறது, பிறகு வந்த வழியே இருட்டுக்குள் இறங்குகிறது. ஒரு சுரத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்றாராம் லின்ச். படப்பிடிப்புக்கு முன்பே மெட்டு தயாராகிவிட்டது. காட்சிக்கேற்ப இசை அமைப்பதே தொலைக்காட்சி வழக்கமாக இருக்க, இங்கே ஊரின் மனநிலையை இசை முதலில் வகுத்துவிட்டது.

தொடருக்குள் இந்த இசை நடமாடும் விதம்தான் முக்கியம். உணவகத்தில் ஆட்ரி என்ற பெண் ஜூக்பாக்ஸ் இசையில் கிறங்கி, எழுந்து, கண்மூடித் தனியே ஆடுகிறாள். அவள் கேட்பது பாதலமென்டியின் இசையைத்தான். காட்டுக்குள் இருக்கும் ஒரு மரவீட்டை போலீசார் தேடிக் கண்டுபிடிக்கும்போது, ஆளில்லாத அறையில் தட்டு தானாகச் சுழன்று க்ரூஸின் குரலை ஒலிக்கிறது. ரோட்ஹவுஸ் என்ற மதுக்கடை மேடையில் க்ரூஸே நின்று பாடுகிறார். பின்னணி இசைக்கும் ஊரில் கேட்கும் இசைக்கும் நடுவே சுவரில்லை. தட்டை வாங்கித் தன் அறையில் போட்டவருக்கு, அந்த மரவீட்டில் சுழன்ற தட்டே தன்னிடம் வந்துவிட்டதாகத் தோன்றியதில் வியப்பில்லை. முகப்பிசைக்கு 1991இல் கிராமி விருது கிடைத்தது; ‘ஃபாலிங்’ ஆஸ்திரேலியாவில் முதலிடம் பிடித்தது.

தொடர் 1991 ஜூனில் நிறுத்தப்பட்டது. அதன்பின் அமெரிக்க ரசிகர்களுக்கு அதை முழுமையாகப் பார்ப்பது எளிதாக இருக்கவில்லை. 2001இல் வந்த முதல் பருவ டிவிடியில், உரிமைச் சிக்கலால் தொடக்கப் பகுதியே இல்லை. 2007இல்தான் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் தொடரின் இடத்தைத் தொகுப்பு நிரப்பியது. தொடரைத் துல்லியமாக நினைவில் வைத்திருந்தவர்களுக்குத் தொகுப்பின் இடைவெளிகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. கொலையாளி யாரென்று வெளிப்படும் இரவில், ரோட்ஹவுஸில் க்ரூஸ் பாடும் ‘த வேர்ல்ட் ஸ்பின்ஸ்’ இதில் இல்லை. அதைக் கேட்க 1989 தொகுப்பைத் தேட வேண்டும். தொடரின் இசை எடிட்டர் லோரி எஷ்லர், பதிவான கருவிகளைத் தனித்தனியே பிரித்தும் சேர்த்தும் காட்சிதோறும் புதுப் புது வடிவங்களை உருவாக்கியிருந்தார். அந்த வடிவங்களில் பெரும்பாலானவை தட்டுக்கு வரவேயில்லை.

இரண்டாம் பருவ இசை 2007இல் தனித் தொகுப்பாக வந்தது. 2011 முதல் 2012 வரை லின்ச்சின் இணையதளம், காப்பில் இருந்த 200க்கும் மேற்பட்ட துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டது. முடிவடையாத ஒத்திகைகள், ஒற்றைக் கருவி மட்டும் ஒலிக்கும் பதிவுகள், ஒரே மெட்டின் பல வேகங்கள். பொது ரசிகருக்கு அவை தேவையில்லாதவை. ஆனால் எந்தக் காட்சியில் எந்த வடிவம் ஒலித்தது என்று ஒப்பிட்டுப் பார்த்த ரசிகருக்கு, ஊரின் பூட்டிய அறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1990 தொகுப்பைவிட இந்த வெளியீட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன். விற்பனைக்காக முன்பு வெட்டிச் செதுக்கப்பட்ட இசை, அதை விடாமல் நேசித்தவர்களிடம் முழுதாக வந்துசேர்ந்தது இங்கேதான். 2016இல் பழைய தொகுப்பு காபி நிற வினைல் தட்டாக மறுபடி வந்ததும் அதே பற்றின் தொடர்ச்சி.

2017இல் தொடர் திரும்பியபோது லின்ச் இசையைச் சிக்கனமாகவே தந்தார். நான்காம் பகுதியில், லாராவின் பழைய காதலன் பாபி, இப்போது நரைத்த தலையோடு, போலீஸ் உடையில், கூட்ட அறைக்குள் வருகிறான். மேசையில் அவள் புகைப்படம். கீழ் ஸ்தாயியில் அந்தப் பழைய சுரங்கள் தொடங்குகின்றன. அவன் முகம் கோணி அழுகிறான். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த மெட்டைத் தன் வீட்டில் கேட்டுவந்த ரசிகருக்கு அந்த அழுகையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பதினேழாம் பகுதியின் முடிவில், முதிர்ந்த ஜூலி க்ரூஸ் மறுபடி மேடையேறினார். அவர் பாடியது, 1990 தொகுப்பில் இடம்பெறாத அதே ‘த வேர்ல்ட் ஸ்பின்ஸ்’.