ஏற்றத்தில் மட்டும் மிஸ் அடிக்கும் எஞ்சின்: பழைய வாகனத்தில் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

குண்டசாலையில் இருந்து திகன, தெல்தெனிய கடந்து ஹுன்னஸ்கிரிய பக்கம் ஏறும் ஏ-26 வீதியில் ஒரு பழைய வாகனத்தின் குணம் முழுதாகத் தெரிந்துவிடும். கண்டி நகருக்குள் ஒழுங்காக ஓடிய வான், ஆட்களோடும் சாமானோடும் ஏற்றத்தில் இழுக்கும்போது திடீரென்று குலுங்கும். ஒரு சிலிண்டர் செத்துப்போனது போல நாலைந்து தரம் தட்டும். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். கராஜுக்குக் கொண்டுபோனால் எஞ்சின் நல்ல பிள்ளையாக நிற்கும். பாஸ் காது கொடுத்துக் கேட்டுவிட்டு பிளக்கை மாற்றுவார். அடுத்த கிழமை கொயில், அதற்கு அடுத்த கிழமை காபரேற்றர் கழுவுதல். காசு போய்க்கொண்டிருக்கும், பழுது அப்படியே இருக்கும்.

தமிழில் 'மிஸ் அடிக்குது', சிங்களத்தில் 'மிஸ் வெனவா'. கண்டிப் பக்கத்துக் கராஜில் மொழிப் பிரச்சினை இந்தச் சொல்லோடு பாதி தீர்ந்துவிடும். ஆனால் 'மிஸ்' என்பது நோயின் பெயர் இல்லை, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி மட்டுமே.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. திறந்த பிறகும் புதிய வாகனத்தின் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. போருக்குப் பின் கையில் கிடைத்த காசைப் போட்டு, மிச்சத்தை லீசிங்கில் எடுத்து, ஒரு பழைய வானையோ ஓட்டோவையோ நம்பிப் பிழைப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு மூன்று நாள் வண்டி நின்றால் அந்த மாதத் தவணை ஆட்டம் காணும். தேவையில்லாமல் மாற்றிய ஒரு கொயிலின் விலைகூட அங்கே சின்ன விடயம் இல்லை. (இங்கே சொல்வதெல்லாம் பெற்றோல் எஞ்சினுக்கு. டீசல் வேறு கதை.)

எஞ்சினுக்குள் நடப்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். நான்கு அடி எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் எரிய வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு செக்கனுக்கு 100 தரம் நெருப்புப் பற்றுகிறது. ஒவ்வொரு தரமும் சரியான அளவு பெற்றோலும் காற்றும், போதிய அமுக்கம், சரியான நேரத்தில் தீப்பொறி ஆகிய மூன்றும் கூடி வரவேண்டும். ஒன்று தவறினால் அந்தத் தரம் மிஸ். மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்தால் குலுக்கம் இன்னும் மோசமாக இருக்கும்.

எப்போதும் மிஸ் அடிக்கும் எஞ்சினில் பழுதைப் பிடிப்பது சுலபம். வந்து வந்து போகும் மிஸ்ஸுக்கு ஸ்பானரை எடுக்கமுன் கொப்பியையும் பேனாவையும் எடுக்க வேண்டும். எஞ்சின் குளிராக இருந்ததா, அரை மணி ஓடிய பிறகா? மழையா, வெயிலா? ஏற்றமா, சமதரையா, நிறுத்தி வைத்திருந்தபோதா? தாங்கியில் பெற்றோல் எவ்வளவு இருந்தது? ஒரு கிழமைக்கு இதை எழுதிவைத்தால் சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். பாஸிடம் "சில நேரம் மிஸ் அடிக்குது" என்று சொல்வதற்கும், "இருபது நிமிடம் ஓடினால் வருகுது, ஐந்து நிமிடம் நிப்பாட்டினால் போகுது" என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

ஏற்றத்தில் மட்டும் வரும் மிஸ்ஸில் முதல் சந்தேகம் தீப்பொறிப் பக்கத்தில்தான். பாரம் இழுக்கும்போது சிலிண்டருக்குள் அமுக்கம் கூடுகிறது. அமுக்கம் கூடக்கூட பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் தேவை. தேய்ந்து இடைவெளி அகன்றுபோன பிளக் சமதரையில் சமாளித்துவிடும், ஏற்றத்தில் தோற்கும். பழைய பிளக் வயரும் அப்படித்தான்: அழுத்தம் கூடும்போது மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வயரின் வெடிப்பு வழியாக எஞ்சின் உடலுக்குத் தாவிவிடும். இருட்டிய பிறகு பொனற்றைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கில்லாமல் பாருங்கள். நீலப் பொறி தாவுவது கண்ணுக்குத் தெரியும். தெரியாவிட்டால் விசிறும் போத்தலால் வயர்களின் மேல் இலேசாகத் தண்ணீர் தூவுங்கள். மகாவலியை ஒட்டிய குண்டசாலையில் காலைப் பனியில் மட்டும் மிஸ் அடித்து வெயில் ஏற நின்றுவிடும் வண்டிக்கு இந்தச் சோதனை நல்ல பொருத்தம். டிஸ்ரிபியூட்டர் மூடியையும் கழற்றி உள்ளே பாருங்கள். பென்சிலால் கீறியது போல் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் மின்சாரம் ஓடும் கள்ளப் பாதை அதுதான். துடைத்தால் போகாது, மூடியை மாற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது வயரில் கை வைக்க வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த வேலைக்குக் கிட்டவே போகக்கூடாது.

சூடானபின் வருவது கொயில், கொண்டென்சர், இக்னைற்றர் போன்றவற்றின் குணம். குளிராக இருக்கும்போது மீற்றர் வைத்து அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும். மிஸ் வரும் நேரத்தில், சூட்டோடு அளக்க வேண்டும். வண்டி நின்றுபோன இடத்திலேயே கொயில் மேல் ஈரத்துணி போட்டுச் சில நிமிடம் விட, மறுபடி ஒழுங்காக ஓடினால் அதுவே பெரிய தடயம்.

பெற்றோல் பக்கத்துக் கோளாறுக்கு வேறு சுபாவம். மின்சாரம் வெட்டினாற்போல் வரும், பெற்றோல் மூச்சு முட்டினாற்போல் வரும் என்று அனுபவசாலிகள் பிரிப்பார்கள். எப்போதும் சரிவராது, ஆனால் தொடங்குவதற்கு நல்ல அளவுகோல். நெடுந்தூரம் ஓடி மூச்சு முட்டினால் முதலில் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன்பின் வண்டி நன்றாக ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. செலவே இல்லாத சோதனை இது. எத்தனையோ காபரேற்றர்கள் இதைச் செய்யாமலே கழற்றப்படுகின்றன. 2022 நெருக்கடியில் பெற்றோல் இல்லாமல் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளின் தாங்கிகளில் துருவும் தண்ணீரும் சேர்ந்திருக்கலாம். அந்தத் துரு ஓடும்போது பில்ற்றரில் போய் ஒட்டும், நின்றால் கீழே இறங்கும். அதனால்தான் ஐந்து நிமிட ஓய்வில் வண்டி உயிர் பெறுகிறது.

மிஸ் அடிக்கும் பிளக்கைத் துடைத்துப் போடும் கலையில் யாழ்ப்பாணத்தவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் போன்ற கிழட்டுக் கார்கள் இதைத் தாங்கியதற்குக் காரணம் அவற்றின் குறைந்த அமுக்க விகிதம். அமுக்கம் கூடிய பிற்கால எஞ்சினில் ஊற்றினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றி பிஸ்டனை அடித்துவிடும். தாங்கியதென்றாலும் விலை கொடுத்துத்தான். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கியது, பிளக் கரி பிடித்தது. வீட்டு முற்றத்தில் கம்பித் தூரிகையோடு பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்த ஆட்களை அந்தத் தலைமுறை மறக்காது. அந்தக் கை அறிவு இன்றைக்கும் பயன்படும்: பிளக்கின் முகம் எஞ்சினின் உள்நிலையைச் சொல்லும். உலர்ந்த கரி என்றால் பெற்றோல் கூடுதல். பெற்றோலில் நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் பொறி விழவில்லை. ஒயில் பிசுபிசுப்பு என்றால் றிங் அல்லது வால்வு சீல். வெள்ளையாக வெந்திருந்தால் பெற்றோல் போதவில்லை, அல்லது காற்று வேறு வழியால் நுழைகிறது. நிறுத்தி வைத்திருக்கும்போது குலுங்கி, முடுக்கியதும் சீராகும் எஞ்சினில் வெடித்த றப்பர்க் குழாய்களைத் தேட வேண்டும்.

எந்தச் சிலிண்டர் என்று அறிய, எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் நுனியை எஞ்சின் உடலோடு தொடுத்துவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள். கழற்றியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையென்றால் அதுதான் சோம்பேறிச் சிலிண்டர். பிறகு அந்தப் பிளக்கை அடுத்த சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். மிஸ் கூடவே போனால் பிளக். போகாவிட்டால் வயரை மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று பிறகு யாருக்கும் தெரியாது. ஸ்கேனர் பூட்டக்கூடிய பிந்திய கார்களில் பி-0301, பி-0302 என்று வரும் குறியீடு எந்தச் சிலிண்டர் என்பதை மட்டும் சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது. அந்தக் கார்களில் எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் ஓட்டத்தை உடனே குறையுங்கள். எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கத்துக் கற்றலிற்றிக் கொன்வேற்றரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

இவ்வளவும் சரியென்றால்தான் அமுக்கச் சோதனை. ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடக் கணிசமாகக் குறைந்தால் அதற்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளப்பார்கள். கூடினால் றிங், கூடாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கஸ்கெற் போயிருக்கக்கூடும். அது பெரிய வேலை. ஆகவே இலக்கத்தை உங்கள் கண்ணால் பார்த்து, கொப்பியில் எழுதிக்கொண்ட பிறகே எஞ்சினைத் திறக்கச் சம்மதியுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கி வாகனத்திலேயே வையுங்கள். பழுதில்லாமல் மாற்றப்பட்ட கொயில் என்றால், ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் இரவு எட்டு மணிக்கு அது தேவைப்படலாம்.