சாணைக்கல் வேறு, சவரக்கல் வேறு

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இரும்புச் சாமான் கடைக்குப் போய், தீட்டுகிற கல் ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். எடுத்துத் தருவது காபரண்டம் கல்லாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் கொஞ்சம் நைசு. அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் அது போதும். சவரக்கத்திக்கு ஆகாது. ஏன் ஆகாது என்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதில் பாதி தமிழ்நாட்டுக் கதை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கனிமங்களின் கடினத்தைப் பற்றிய பாடத்தில் வைரத்துக்கு அடுத்த படியில் 'கொரேந்தோன்' என்று ஒரு கல் வரும். வாய் வலிக்க மூக்கால் உச்சரித்துப் பழகிய அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று வேலைக்கு வந்த பிறகு அகராதியில் பார்த்தேன். தமிழ் என்று போட்டிருந்தது. நம் குருந்தம்தான் அது! வடமொழிக் குருவிந்தமும் அதற்கு உறவு. மாணிக்கமும் நீலமும் இதே குருந்தத்தின் அழகான பிள்ளைகள்.

சேலம் பக்கத்திலும், காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பக்கத்திலும் குருந்தக்கல் கிடைக்கும். அதை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கோடு கலந்து சக்கரமாக வார்ப்பார்கள். அதுதான் பழைய சாணை. வாள், கத்தி, இரத்தினக்கல் எல்லாம் அதில்தான் பட்டை பிடித்தார்கள். 1798-ல் கிரெவில் என்ற ஆங்கிலேயப் பிரபு இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். புரட்சிக்குப் பயந்து லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த பிரெஞ்சுக்காரர் பூர்னோன் பிரபு அதன் படிகங்களை ஆராய்ந்தார். பெயர் உலகமெல்லாம் பரவியது.

1891-ல் அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சார உலையில் காய்ச்சி, மிகக் கடினமான ஒரு படிகத்தைக் கண்டார். கரியும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று நினைத்துக் 'கார்பொரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அதில் குருந்தம் கிடையாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1954-ல் முருகப்பா குழுமத்தார் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து கார்பொரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் ஆலை வந்தது. கடல் கடந்து போன தமிழ்ச் சொல் தொழிற்சாலைப் பெயர்ப்பலகையில் ஏறித் திரும்பி வந்தது.

ஆனால் சவரக்கத்திக்கு வேண்டியது கடினம் அல்ல, நுண்மை. கல்லின் பரல் பெரிதாக இருந்தால் கத்தியின் முனையில் ரம்பப்பல் விழும். கண்ணுக்குத் தெரியாது, கன்னத்துக்குத் தெரியும். சாணைச் சக்கரத்தில் பிடித்தாலோ சூட்டில் எஃகின் பதமே போய்விடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கல் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் உயர்ந்தது. இந்த வேலைக்கு முரடு.

இதைப் பற்றி முறையாக எழுதியவர் பாரிஸ் நகரத்துக் கத்திக் கொல்லர் பெர்ரே. தனக்குத் தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்று 1769-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். தீட்டுக்கற்களை இனம் காண்பது, தோல்வாரைப் பதப்படுத்துவது எல்லாம் அதில் உண்டு. சவரக்கத்திக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் 'கூப்-ஷூ', அதாவது முட்டைக்கோஸ் வெட்டி. தீட்டத் தெரியாதவன் கையில் அது அப்படித்தான் இருக்கும்.

ஐரோப்பாவில் பேர்போன சவரக்கல் பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிறக் 'கோத்திக்யூல்'. அதற்குள் மிக நுண்ணிய கார்னெட் மணிகள் இருக்கின்றன. கார்னெட் குருந்தத்தைவிட மென்மை. மணிகளின் மூலைகளும் மழுங்கல். அதனால் ஆழமாகக் கீறாமல் தடவினாற்போலத் தேய்க்கும். அமெரிக்காவின் ஆர்கன்சா கல்லுக்கு அறிவியல் பெயரே நோவாகுலைட். லத்தீனில் நோவாகுலா என்றால் சவரக்கத்தி. ரோமாபுரியின் பிளினி தீட்டுக்கற்களைப் பிரிக்கும்போது எண்ணெய்க் கல், தண்ணீர்க் கல் என்று சொல்லி, நாவிதர் கடையில் எச்சில் தொட்டுத் தீட்டும் கல்லையும் சேர்க்கிறார். நல்லவேளை, நம்மூரில் கிண்ணத்துத் தண்ணீர்!

நம் நாவிதர்களுக்கு இந்தப் புத்தகங்கள் தேவைப்படவில்லை. அவர்களுடைய அடப்பத்தில் வழவழப்பான சிறு கல்லும் தோல்வாரும் இருக்கும். கல்லில் நாலு இழுப்பு, வாரில் பத்து, கடைசியில் உள்ளங்கையில் இரண்டு. காதால் கேட்டே பதம் சொல்வார்கள். சத்தம் கரகரவென்றால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். தகப்பனிடம் பார்த்துப் பிள்ளை பழகிய வித்தை அது. நம் வீடுகளில் பாரத், அசோக் பிளேடு வந்த பிறகும், பழைய பிளேடைக் கண்ணாடித் தம்ளரின் உட்புறம் தேய்த்து இன்னும் இரண்டு நாள் ஓட்டிய பெரியவர்கள் உங்களுக்கு நினைவிருக்கும்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் ஆளுக்கொரு புது பிளேடு என்பது சலூன்களில் வழக்கமானது. முடி இறக்கும் கோயில்களிலும் இப்போது பாதி பிளேடு செருகிய கத்திதான். உடம்புக்கு நல்லது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் கல்லுக்கு வேலை போயிற்று. காதால் பதம் பார்க்கும் அந்தப் பழக்கமும் அதோடு போயிற்று. இன்றைக்கு ஆசைப்பட்டு மடக்குக் கத்தி வாங்கும் பேரன்மாருக்குச் சொல்லிக்கொடுக்கச் சலூனில் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

அவர்களுக்காக இது: கடைக் காபரண்டம் கல்லின் பரல் எண் சில நூறுதான். சவரக்கத்தியில் விளிம்பு அமைக்க ஆயிரம் வேண்டும், முடிக்க எட்டாயிரமோ அதற்கு மேலோ வேண்டும். கத்தி முழுத் தட்டையாகக் கல்லில் படிய வேண்டும். முதுகைத் தூக்கக் கூடாது. பரணில் தாத்தா காலத்துக் கல் கிடந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். மஞ்சளும் கறுப்புமாக இரண்டு அடுக்கு இருந்தால் மஞ்சள் பக்கத்தில் தீட்டுங்கள். கறுப்பு வெறும் சிலேட்டுத் தாங்கியாக இருக்கும். நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். விழுந்திருந்தால் கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை விரித்து, தண்ணீர் விட்டு, கல்லைக் கவிழ்த்து மெதுவாகத் தேயுங்கள். மஞ்சள் அடுக்கு பல கற்களில் மெல்லியது. பள்ளம் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும்.